ஏழு நாள் நீர் உபவாச முகாம்: படிவத்தில் இல்லாத கேள்வி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தனியார் நடத்தும் ஏழு நாள் நீர் உபவாச முகாம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. தண்ணீரும் சிறிது உப்பும் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் ஒரே வாரத்தில் ஆறு கிலோ வரை எடை குறைக்கலாம் என்பது முகாமின் விளம்பரம். மகளின் திருமணத்துக்கு முன் உடம்பைக் குறைத்துவிட வேண்டும் என்று விரும்பிய என் சித்தப்பா பணம் கட்டிச் சேர்ந்தார். துணையாளாக நான் உடன் தங்கினேன். கட்டணம் 24,500 ரூபாய், துணைக்கு வருபவரின் உணவுக்கும் அறைக்கும் தனி.

இடத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அறைகள் தூய்மையானவை, காலையில் யோகாசனம் கற்பித்த ஆசிரியை ஒவ்வொருவரின் முழங்கால் வலியையும் முதுகு வலியையும் விசாரித்து அதற்கேற்ப ஆசனங்களை மாற்றிக் கொடுத்தார், பணியாளர்கள் கனிவானவர்கள். இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்பும் குறை அவர்களைப் பற்றியது அன்று. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் நடக்கக் கூடாத ஒன்றை முகாம் விற்கிறது என்பதைப் பற்றியது.

கூடத்தின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்த்து, குறைந்த கிலோவைப் பச்சை மையில் எழுதி, எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஏழாம் நாளில் பலரது பெயருக்கு எதிரே ஐந்து, ஐந்தரை, ஆறு என்று எண்கள் இருந்தன. அந்த எண்கள் பொய்யல்ல, ஆனால் அவை கொழுப்பின் அளவும் அல்ல. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாளொன்றுக்கு 2,200 கலோரி செலவிடும் ஒருவர் ஏழு நாளும் எதையும் உண்ணாவிட்டால் மொத்தப் பற்றாக்குறை 15,400 கலோரி. அது முழுவதும் கொழுப்பிலிருந்தே ஈடுசெய்யப்பட்டாலும் குறையக்கூடியது இரண்டு கிலோதான். மீதி எங்கிருந்து வந்தது? கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உபவாசத்தின் முதல் இரண்டு மூன்று நாளில் இந்தச் சேமிப்பு தீரும்போது நீரும் வெளியேறுகிறது, இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் அதனுடன் மேலும் நீரையும் வெளியேற்றுகிறது, குடலும் காலியாகிறது. வீட்டுக்குப் போய் வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கியதும் இவை அனைத்தும் திரும்பி வந்துவிடும். இன்னொரு பங்கு, திரும்பி வர நாளாகும் தசை. உணவு வராத நிலையில் மூளைக்குத் தேவையான குளுக்கோசை உடல் முதல் சில நாட்களில் பெருமளவு தசைப் புரதத்தை உடைத்தே தயாரிக்கிறது. கொழுப்பிலிருந்து உருவாகும் மாற்று எரிபொருளான கீட்டோன்கள் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கிய பிறகு இழப்பு குறையுமே தவிர நிற்பதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை எவ்வளவு அருமையானது என்பதை அந்தப் பலகை காட்டுவதில்லை.

சேர்க்கைப் படிவத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர், வயது, உயரம், எடை, எட்ட விரும்பும் எடை, முன்பணம் செலுத்திய விவரம், புகைப்படம் வெளியிட ஒப்புதல் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. தினமும் என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்ற கேள்வி இல்லை. சித்தப்பாவுக்கு நீரிழிவு உண்டு. கிளிமிபிரைடு என்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு வருகிறார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் இந்த மாத்திரை, வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. இரண்டாம் நாள் மாலை அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. அருகில் இருந்த தொண்டர், “ஐயா, பயப்படாதீங்க, உள்ளே தேங்கின கழிவெல்லாம் வெளியே போகுது” என்று ஆறுதல் சொன்னார். நாங்கள் கொண்டு சென்றிருந்த, இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் 58 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, எங்கள் குடும்ப மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். உபவாசத்தை அப்போதே முடித்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். முகாமில் அந்த நேரத்தில் மருத்துவரோ செவிலியரோ இல்லை.

அந்தத் தொண்டர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். தாழ்சர்க்கரையின் வியர்வையையும் நடுக்கத்தையும் நச்சு வெளியேறுவதற்கான அடையாளம் என்று பயிற்றுவிப்பதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது, ஏனெனில் உதவி தேவைப்படும் நேரத்தில்தான் அந்த விளக்கம் எல்லோரையும் அமைதிப்படுத்துகிறது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை உட்கொள்வோருக்கு இதைவிட மறைவான ஆபத்து இருக்கிறது. பட்டினியின்போது அவர்களது இரத்தத்தில் கீட்டோன் அமிலம் அபாயகரமாகச் சேரக்கூடும், அந்த வேளையிலும் குளுக்கோமீட்டர் ஏறக்குறைய இயல்பான எண்ணையே காட்டலாம். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு உபவாசத்தில் வலி கிளம்புவதும், வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தவை.

மாலை உரைகளில் ‘லங்கணம் பரம ஔஷதம்’, அதாவது பட்டினியே மேலான மருந்து என்ற பழமொழி நாள்தோறும் ஒலித்தது. ஒரு வேளை, ஒரு நாள் வயிற்றைக் காயப்போடும் நம் வழக்கத்துடன் எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. ஏகாதசி விரதம் இருப்பவர் மறுநாள் துவாதசியில் உணவு கொள்கிறார். உரையாளர் பெரிதும் நம்பிய சான்று ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரி. 1965இல் தொடங்கி 382 நாள் உண்ணாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தவர் என்பது உண்மை. அவர் டண்டீ நகர மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பில் இருந்தார், அவருக்கு வைட்டமின்களும் பொட்டாசியமும் கொடுத்தார்கள், இரத்தமும் சிறுநீரும் தொடர்ந்து சோதிக்கப்பட்டன என்பது உரையில் இடம்பெறவில்லை. அதே காலகட்டத்தில் மருத்துவமனைகளிலேயே நீண்ட பட்டினிச் சிகிச்சை பெற்ற சிலர் இறந்ததால்தான் அந்த முறை கைவிடப்பட்டது. 2016ஆம் ஆண்டின் நோபல் பரிசும் மேற்கோள் காட்டப்பட்டது. யோஷினோரி ஓசுமி அந்தப் பரிசைப் பெற்றது, செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே உடைத்து மறுபடி பயன்படுத்தும் முறையை ஈஸ்டில் கண்டறிந்து விளக்கியதற்காக. மனிதர் ஏழு நாள் பட்டினி கிடக்க வேண்டும் என்பது அந்த ஆய்வின் முடிவு அல்ல.

முகாமின் மிக மோசமான பகுதி, எல்லோரும் ஆவலோடு காத்திருந்த நிறைவு விருந்து. ஏழு நாள் முடிந்த மறுநாள் காலை பேரீச்சம்பழமும் கரும்புச் சாறும், மதியம் சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் வைத்து வாழையிலைச் சாப்பாடு. நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென உள்ளே வரும்போது இன்சுலின் உயர்ந்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது; ஏற்கெனவே இருப்பு குறைந்த உடலில் இவை மேலும் சரிந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்தது இதனால்தான். ஐந்து நாளுக்கு மேல் எதுவும் உண்ணாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மிகாமல் உணவு கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அன்று பந்தியில் யாருக்கும் எதுவும் நேரவில்லை, அது அவர்களது உடல்நிலையின் தயவு. கஞ்சியும் மோரும் அளந்து கொடுத்திருந்தால் முகாமுக்குச் செலவும் குறைந்திருக்கும்.

விரைவாக எடை குறைப்பதே தவறு என்பது என் கருத்து அன்று. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டின் முடிவில் ஏறக்குறைய பாதிப் பேர் மருந்தின்றி நீரிழிவு தணிந்த நிலையில் இருந்தார்கள். அங்கே முதல் நாளிலேயே மாத்திரைகளை மருத்துவர்கள் நிறுத்தினார்கள், புரதமும் சத்துகளும் கணக்கிட்ட உணவைக் கொடுத்தார்கள், இயல்பான உணவுக்குத் திரும்பப் பல வாரங்கள் எடுத்துக்கொண்டார்கள். இயற்கை மருத்துவத்தையே விரும்புவோருக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள்.

இந்த முகாமுக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் யோகா ஆசிரியைக்காக. சித்தப்பா பாதியில் நிறுத்தியதற்குக் கட்டணத்தில் எதுவும் திருப்பித் தரப்படவில்லை. நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மார்களும், பதின்ம வயதினரும், உணவைக் கண்டு அஞ்சும் மனநிலையில் இருப்பவர்களும் இங்கே சேரவே கூடாது. மற்றவர்கள் இதுபோன்ற எந்த முகாமாக இருந்தாலும் முதலில் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவில் மருத்துவர் இருப்பாரா, இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள், உபவாசம் முடிந்த அன்று என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள். இவற்றில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் முன்பணம் கட்டாதீர்கள்.