வானக் கொள்ளையர் தலைவன் வைஸ்: 'ஸ்கைஸ் ஒஃப் ஆர்கேடியா லெஜண்ட்ஸ்' விளையாட்டு விமர்சனம்

பம்பலப்பிட்டியில் பழைய விளையாட்டு இறுவட்டுகளை விற்கும் சிறிய கடையொன்றில், மேலுறை மங்கிப்போயிருந்த இவ்விளையாட்டு கண்ணில் பட்டதும் பேரம் பேசாமலே வாங்கிவிட்டேன். 2000ஆம் ஆண்டில் தனது ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவிக்காக செகா நிறுவனம் வெளியிட்ட விளையாட்டின், நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கான பதிப்பு இது.

ஆறு நிலவுகளின் கீழே தீவுகள் மிதக்கும் அவ்வுலகில் கப்பல்கள் வானில்தான் ஓடுகின்றன. ஒரு கண்ணில் மட்டும் கண்ணாடி அணிந்த வைஸ், ஆயுதம் தாங்கிய கப்பல்களை மட்டுமே தாக்கும் நீலக் கொள்ளையர் கூட்டத்தைச் சேர்ந்தவன். எளியோரையும் சூறையாடும் கறுப்புக் கொள்ளையரிடமிருந்து அவனைப் பிரிக்கும் அந்த அறமே கதைக்கு உயிர். தந்தையின் கப்பலில் தொடங்கும் அவ்விளைஞன், டெல்ஃபினஸ் என்னும் போர்க்கப்பலின் தலைவனாகி, 22 பேர் கொண்ட குழுவைத் தேசம் தேசமாகத் தேடிச் சேர்ப்பதும், வெறுமையாகக் கிடந்த பிறைத் தீவு மெல்ல மெல்ல ஓர் ஊராவதும் என்னை முழுமையாக ஆட்கொண்டன.

கப்பற்போர் அருமை. வரவிருக்கும் ஆபத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள் முன்கூட்டியே உணர்த்துவதால், எப்போது பீரங்கியை முழக்குவது, எப்போது தற்காத்துக்கொள்வது என்று உண்மையான தலைவனைப் போலச் சிந்திக்க நேர்கிறது.

பயணத்தின் இடையே திடீர்ச் சண்டைகள் அடிக்கடி குறுக்கிடுவது சலிப்பூட்டுகிறது. முதற்பதிப்பில் அவை இன்னும் அதிகம். அதைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்கள், இறுவட்டில் கீறல் இல்லையென்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின் தயங்காமல் வாங்கலாம்.