ஜார்ஜ்டவுன் நாணயக் கடையின் தரமதிப்பீட்டுச் சேவை

தாத்தா விட்டுச்சென்ற 1904ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, சிங்கப்பூர் உள்ளிட்ட அன்றைய பிரித்தானிய ஆட்சிப்பகுதி) வெள்ளி நாணயத்தை, ஜார்ஜ்டவுன் கடையொன்றின் வழியாக அமெரிக்காவுக்குத் தரமதிப்பீட்டுக்கு அனுப்பினேன். நாணயத்தின் நிலையை எண்ணால் குறிக்கும், 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோலில் 60க்குக் குறையாதவை மட்டுமே புழக்கம் காணாதவை என்று விளக்கிய கடைக்காரர், நாணயத்தை விளக்கடியில் மெல்லச் சாய்த்து, ஏழாம் எட்வர்டு மன்னரின் கன்னத்தில் மயிரிழை போன்ற கீறல்களை உருப்பெருக்கியில் காட்டினார். பளபளக்கட்டும் என்று நான் துணியால் தேய்த்த தடம் அது. அத்தகைய நாணயத்துக்கு எண் கிடைக்காது, கட்டணம் வீணாகலாம் என்று அவர் முன்னரே எச்சரித்தார். அவ்வாறே, அசல் என்ற சான்றுடன், எண்ணின்றி, முத்திரையிட்ட பேழையில் திரும்பியது. அந்த நேர்மைக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கிறேன். எனினும், திரும்பக் கிடைக்கும் நாளை அவர்கள் எழுத்தில் தர வேண்டும்.