மக்கும் குப்பையும் அல்ல, மக்காத குப்பையும் அல்ல

கத்திரி வெயிலில் வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்து இறங்கியபோது, எங்கள் தெருவில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தை மூடிவிட்டு, மிஞ்சிய மண்ணை வாசல்தோறும் குவித்துவிட்டு ஒப்பந்தக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். முன்பெல்லாம் சாயங்காலம் வாசல் தெளித்தால் புழுதி அடங்கிவிடும். இப்போது ஆட்டோ ஒன்று போனாலே மாடிவரை எழும்பி, அம்மா பழைய வேட்டியில் ஊற்றிக் காயவைத்த கூழ் வடாம் செம்மண் நிறமாகிவிடுகிறது.

நான் குடியிருப்பது ஜப்பானின் ககோஷிமாவில். விரிகுடாவுக்கு அக்கரையில், சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில் சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டிருக்கும். 1914இல் அது கக்கிய எரிகுழம்பு, அதுவரை தீவாக இருந்த மலையை ஓசுமி தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது. கோடையில் கீழைக்காற்று அடித்தால் சாம்பல் நகரத்தின் தலையில்தான் விழும் என்பதால், மலைமேல் வீசும் காற்றின் திசையை வானிலை அறிக்கையில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் துணி காயப்போடுவோம். வடிகாலில் தள்ளினால் சாம்பல் அடைத்துக்கொள்ளும். ஆகவே அதை அள்ளிக் கட்ட மஞ்சள் பைகளை நகர நிர்வாகமே இலவசமாகத் தருகிறது, குறித்த இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப்போகிறது. யாரும் கேட்காமல் வந்து விழும் சாம்பலுக்கே பொறுப்பேற்க ஆள் இருக்கும்போது, மனிதர் வெட்டிப்போட்ட மண்ணுக்கு இருக்கமாட்டாரா?

அந்த நம்பிக்கையில், மண்ணைச் சிமெண்டுச் சாக்குகளில் கட்டி, குப்பை வண்டி நிற்கும் தெருமுனையில் வரிசையாக வைத்தேன். தூய்மைப் பணியாளர் அம்மா ஒரு சாக்கை அவிழ்த்து, மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். “மக்குறதுலயும் சேராது, மக்காததுலயும் சேராது தம்பி. இத ஏத்துனா எங்களத்தான் திட்டுவாங்க” என்று மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. புகார் எண்ணில் சாலைப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். சாலைப் பிரிவு ஒப்பந்தக்காரரைக் கைகாட்டியது. அவரோ பில் பாஸாகாமல் வண்டி அனுப்ப முடியாது என்று சாவகாசமாகச் சொன்னார். (வெயிலில் நின்றுகொண்டு இதைக் கேட்டால்தான் அதன் சுவை தெரியும்.)

மறுநாள் விடிந்தபோது சாக்குகளைக் காணவில்லை. அடுத்த தெருவில் வீடு கட்டுகிறவர், மனையை மேடாக்க இரவோடு இரவாக டிராக்டரில் ஏற்றிப்போயிருந்தார். சாயங்காலம் அவரே வாசலுக்கு வந்து, “இன்னும் மண்ணு இருக்குதா சார்? சாக்குலயே கட்டிக் குடுத்துட்டீங்கன்னா எங்களுக்குச் சவுகரியமா இருக்கும்” என்றார்.