மாரியில் தும்மும் கம்பிரசர்: நான்காண்டுப் பயன்பாட்டின் பின்

என்னைப் போலவே மரத்தில் மீன் செதுக்கி வர்ணம் பூசும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும், வர்ணத்தை விசிறும் எயார் பிரஷும் அதற்குக் காற்றை அமுக்கித் தரும் கம்பிரசரும் இப்போது விலை இறங்கியிருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். சென்ற வாரம்தான் அந்தக் கம்பிரசருக்குப் பிஸ்டன் வளையம் மாற்றி எடுத்து வந்தேன் என்பதால், என் பதிலில் சூடு சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

பிரஷின் 0.3 மில்லிமீற்றர் ஊசியில் எனக்கு ஒரு குறையுமில்லை. பிடிபட்ட மீன் விரைவில் நிறம் மங்கிவிடும் என்பதால், கிளிமீனின் நிறத்தை நிலாவெளிப் புறாத்தீவின் நீருக்குள் பார்த்துத்தான் மனதில் வாங்கிக்கொண்டேன். அதன் கன்னத்தில் பச்சை நீலத்துக்குள் கரையும் இடத்தை எந்தத் தூரிகையாலும் இவ்வளவு மென்மையாக என்னால் கொண்டுவர முடிந்ததில்லை. கிழிந்த வலைத்துண்டை உடலோடு இழுத்துக் கட்டி விசிறினால் செதில் வரிசை அப்படியே பதிகிறது. வாலை நெருங்கும்போது மட்டும் கண் சிறிய வலைக்கு மாற வேண்டும்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. திருகோணமலையின் மாரிக் காற்றை அமுக்கும்போது அது சூடேறி, குழாய்க்குள் போய்க் குளிர்கையில் அதிலுள்ள ஈரம் துளியாகிறது. நீர்பிடிக் கிண்ணத்தையோ கம்பிரசரின் வாயிலேயே பொருத்தியிருக்கிறார்கள். ஆவியாக அதைத் தாண்டிப் போகும் ஈரம் அதற்கு அப்பால் அல்லவா நீராகிறது? கடந்த மார்கழியில், ஒரு பாரையின் விலாவில் கறுப்பு அடிப்பூச்சுக்கு மேல் வெள்ளியும் அதன்மேல் முத்துப்பூச்சும் ஏற்றி முடிக்கும் தறுவாயில் பிரஷ் ஒருமுறை அந்த நீரைத் தும்மியது. பக்கக்கோட்டின் பின்பாதியில் ஒவ்வொன்றாக நான் செதுக்கியிருந்த தடித்த முட்செதில்களின் மேல் கொப்புளம் போல வட்டங்கள் விழுந்தன. அரத்தாளால் தேய்த்ததில் செதில்களின் கூரும் போயிற்று.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தும்மல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது அக்ரிலிக் வர்ணம் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், ஆனால் அது இந்தப் பெட்டியின் குற்றமன்று. குழாயை நீட்டி, பிரஷின் அடியிலேயே இரண்டாவது சிறு நீர்பிடி ஒன்றைப் பொருத்திய பிறகு பெரும்பகுதி சரியாயிற்று. ஆயினும், கடலோர ஊரில் விற்கும் பொருளுக்கு அந்தச் சிறு துண்டைச் சேர்த்துத் தராதவர்களை மன்னிக்க மனம் வரவில்லை.

வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதினேன். பழுது பார்த்தவர் என்னுடையது இன்னும் ஓராண்டுதான் தாங்கும் என்றதால், அந்தக் குறைந்த விலைக்கே இன்னொன்றுக்கு நான் சொல்லிவைத்திருக்கிறேன்.