கண்மாய்க் கரையா, கால்வாய்க் கரையா, மலையடிவாரமா? மதுரையில் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடினால் 10 கிலோமீட்டருக்குள் மனசு சலித்துவிடும். ரிங் ரோட்டில் லாரித் தொல்லை. அதனால் 20, 30 கிலோமீட்டர் ஓட நினைக்கிறவர்கள் ஊருக்கு வெளியே மண்பாதையைத் தேடிப் போகிறார்கள். முழங்காலுக்கும் அதுதான் நல்லது. மதுரையைச் சுற்றி அப்படி ஓடக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று: கண்மாய்க் கரை, பெரியாறு பிரதானக் கால்வாயின் கரை, நாகமலை, அழகர்மலை போன்ற மலைகளின் அடிவாரம்.

ஆபத்தே இல்லாத பாதை இவற்றில் ஒன்றுகூட இல்லை. எனவே நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். வரப்போகும் ஆபத்து முன்கூட்டியே கண்ணில் படுமா? அடிபட்டால் எவ்வளவு சீக்கிரம் தார் ரோட்டுக்கு வந்து சேர முடியும்?

கண்மாய்க் கரைக்கு இரண்டு கேள்வியிலும் நல்ல மார்க். கரை உயரமாக இருப்பதால் நாலு பக்கமும் தெரியும். மடைக்கு மடை ஆள் நடமாட்டம் இருக்கும். எந்தக் கண்மாயாக இருந்தாலும் ஒரு பக்கம் ஊர் இருக்கும், ஊர் இருந்தால் ரோடும் இருக்கும். அங்கே முதல் எதிரி முள்தான். சீமைக்கருவேலம் கரையின் இரண்டு சரிவிலும் மண்டிக் கிடக்கிறது. விறகுக்கு வெட்டிக் கரைமேல் இழுத்துப் போகும்போது உதிர்கிற முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஓட்டத்துக்கென்று வரும் ஷூவின் அடிப்பாகம் மெத்தென்று இருப்பதால் காய்ந்த முள் நேராக ஏறிப் பாதத்தைத் தொட்டுவிடும். சுருக்கென்றால் அடுத்த அடி வைக்காதீர்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பாருங்கள். ஓடிக்கொண்டே போனால் முள் ஒடிந்து நுனி உள்ளேயே தங்கி, இரண்டாம் நாள் கால் வீங்கும். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு எவ்வளவு காலமாகிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மடைப் பக்கம் பாட்டில் சில்லும் கிடக்கும், அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்தால் போதும்.

கரையின் இன்னொரு தொல்லை நாய். தெரு நாயைவிடக் கிடை நாய் மோசம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் காவல் நாய் எங்காவது நிழலில் படுத்திருக்கும். ஓடி வருகிற ஆள் அதன் கண்ணுக்குத் திருடன்தான். ஆடு கண்ணில் பட்டவுடனே ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பியுங்கள். “அண்ணே, நாயைப் பிடிச்சுக்கங்க” என்று தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். கிடைக்காரர்கள் நல்ல மனுஷர்கள், ஒரு அதட்டலில் நாயை உட்கார வைத்துவிடுவார்கள். தெரு நாய் துரத்தினால் திரும்பி ஓடாமல் நின்று, கல்லெடுப்பதுபோல் குனிந்தாலே பெரும்பாலும் விலகிவிடும். பல் பட்டுவிட்டால், சிறு கீறலே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்கி எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். இந்த ஒரு விஷயத்தில் “பார்த்துக்கலாம்” என்ற பேச்சே கூடாது.

கால்வாய்க் கரைக்கு வருவோம். வைகை ஆற்றிலிருந்து பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் போகிற பெரியாறு கால்வாயின் கரையில், ஜீப் போகிற அளவுக்கு அகலமும் மேடு பள்ளம் அதிகமில்லாத பாதையும் பல இடங்களில் உண்டு. ஒரே சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட இதைவிட நல்ல தடம் மதுரைப் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. குறை ஒன்றே ஒன்று, அது பெரிய குறை. தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில், சிமெண்ட் பூசிய சரிவில் கால் வழுக்கி உள்ளே போனால், நீச்சல் தெரிந்தவருக்கும் பாசி பிடித்த அந்தச் சரிவில் ஏறிவர இடம் கிடைக்காது. தண்ணீர் ஓடும்போது கரையின் வெளி ஓரமாகவே ஓடுங்கள். முகம் கழுவலாம் என்று இறங்கவே இறங்காதீர்கள்.

அழகு என்று பார்த்தால் மலையடிவாரத்தை எதுவும் மிஞ்சாது. கீழக்குயில்குடியில் சமணர்மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்தவர்கள் அந்தப் பக்கமே திரும்பத் திரும்ப ஓடப் போவார்கள். ஆனால் என் இரண்டு கேள்வியிலும் இது தோற்கிறது. சுருட்டை விரியன் வறண்ட கல்லாங்காட்டில் வாழ்வது. சின்னப் பாம்பு, மண் நிறம், சருகோடு சருகாகக் கிடந்தால் தெரியாது. கண்ணாடி விரியனாவது பெரும்பாலும் குக்கர் மாதிரி சத்தமாகச் சீறி எச்சரிக்கும். பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருக்கும். கலைந்துவிட்டால் நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓடிவிட வேண்டும். அழகர்மலைப் பக்கம் காட்டுமாடு இறங்கும். இதையெல்லாம்விட எனக்குப் பயம் மின்வேலிதான். காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டத்துக்கு விரோதமாகத் தோட்டத்தைச் சுற்றிக் கம்பியில் கரண்டைக் கொடுத்துவிடுகிறார்கள். இருட்டில் குறுக்கு வழி என்று தோட்டத்துக்குள் புகுந்தால் கம்பி இருப்பதே தெரியாது. விடியும் முன் அடிவாரத்து ஒற்றையடிப் பாதை வேண்டவே வேண்டாம். விடிந்த பிறகும் துணையோடு போங்கள்.

பாம்புக்கடி மூன்று பாதைக்கும் பொது. கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். ஷூ, வாட்ச், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். நடந்தே ரோட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பக் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் போகலாம், “ஒண்ணுமில்ல” என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வயல் வரப்பைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். ஓடுவதற்கு அது பாதையே இல்லை. கணுக்கால் பிசகும், எலி வளை இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும், போதாததற்கு அடுத்தவர் விவசாயத்தை மிதிக்கிறோம்.

கோடையில் கணக்கு கொஞ்சம் மாறும். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். கால்வாய்க் கரையில் நீளத்துக்கு நிழல் இருக்காது. அந்த மாதங்களில் நான் கண்மாய்க் கரைக்கே ஓட்டுப் போடுவேன், ஊரை ஒட்டி ஓடினால் டீக்கடையில் தண்ணீராவது கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும், திருமங்கலம் பக்கத்துக் கரிசலாக இருந்தால் ஷூவில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவே விடாது. அப்போது இரண்டு கரையையும் விட்டுவிட்டு ஊர்களுக்கு நடுவே போகிற சின்னத் தார் ரோடுதான். தையிலிருந்து பங்குனி வரை, வெளிச்சம் வந்த பிறகு, நெடுந்தூர ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு கால்வாய்க் கரை. எந்தப் பாலத்தில் ஏறுகிறீர்கள், எந்தப் பாலத்தில் இறங்குகிறீர்கள், அது எந்த ஊர் எல்லை என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 108-க்குப் பேசும்போதும் முதலில் கேட்பது அந்த ஊர்ப் பெயரைத்தான்.