பிளாஸ்மா 6: மாறிய பிறகு திரும்பிப் போக மனமில்லை

லினக்ஸில் டெஸ்க்டாப்பை, அதாவது திரையில் தெரியும் மெனு, ஜன்னல்கள், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த சூழலை, மாற்ற எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டியதில்லை. கேடிஇ குழுவின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் தொகுப்பை நிறுவி, லாகின் திரையில் செஷனை (எந்த டெஸ்க்டாப்பில் நுழைவது என்ற தேர்வை) மாற்றினால் போதும், பழையதும் பக்கத்திலேயே இருக்கும்.

என்னை உண்மையில் கட்டிப்போட்டது அதன் கோப்பு மேலாளரான டால்பின்தான். எஃப்3 அழுத்தினால் ஜன்னல் இரண்டாகப் பிரிகிறது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கோப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம். எஃப்4 அழுத்தினால் கீழே கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திறக்கிறது, நான் எந்த ஃபோல்டருக்குப் போனாலும் அதுவும் கூடவே வருகிறது. இது இல்லாமல் இத்தனை வருடம் எப்படி வேலை செய்தேன் என்று தெரியவில்லை! அப்புறம் கேரன்னர் என்ற தேடல் பட்டை: ஆல்ட், ஸ்பேஸ் தட்டி ஒரு கணக்கை எழுதினால் விடை அங்கேயே வந்துவிடும்.

2024 பிப்ரவரியில் வந்த இந்த 6ஆம் பதிப்பிலிருந்து திரையில் எல்லாவற்றையும் வரைந்து காட்டும் புதிய முறையான வேலேண்ட்தான் இயல்பு செஷன். அதில் உருப்பெருக்கத்தை லேப்டாப் திரைக்கு 125 சதவீதம், வெளி மானிட்டருக்கு 100 என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன், எழுத்து இரண்டிலும் தெளிவாக இருக்கிறது.

குறை என்றால், அமைப்புகள் அளவுக்கு அதிகம், தேடல் பெட்டி இல்லாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு டெஸ்க்டாப்பையும் சேர்த்து வைத்தால் மெனுவில் இரண்டு டெர்மினல், இரண்டு கோப்பு மேலாளர் என்று குவியும், ஐகான்களும் எழுத்துருக்களும் கலந்துபோகும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் முதலில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் உங்கள் கணக்கிலும் மாற்றிக்கொள்ளலாம்.