மீனுக்குத் தீவனம்: ஒரு வேளையா, பல வேளையா?

இங்கே ஒப்பிடுவது ஒரே அளவு தீவனத்தை. ஒரு நாளுக்கான பங்கை ஒரே வேளையில் கொட்டுவதா, நான்கைந்தாகப் பிரித்துப் போடுவதா என்பதுதான் கேள்வி.

விடை பெரும்பாலும் மீனின் வயிற்றில் இருக்கிறது. கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. உண்டது நேராகக் குடலுக்குப் போகும். திலேப்பியாவுக்கு இரைப்பை உண்டு, ஆனால் சிறியது. இவற்றுக்குப் பிரித்துப் போடுவதே பொருந்தும். இரை பிடித்துத் தின்னும் விரால், கெளுத்தி போன்றவை ஒன்றிரண்டு வேளையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

ஒரே வேளை என்றால், உண்டபின் ஆக்சிஜன் தேவை சட்டென்று ஏறும். சில மணி நேரத்தில், மீன் கழிவாக விடும் நச்சான அம்மோனியாவின் வெளியேற்றமும் உச்சத்தைத் தொடும். பிரித்துப் போட்டால் இந்த ஏற்றம் தணிந்து நாள் முழுக்கப் பரவும். மீன் நெருக்கமாக விட்ட குளத்தில் இது சின்ன விஷயமல்ல. அப்புறம், ஒரே வேளையில் வலிய மீன்கள் முந்திக்கொள்ளும். மெலிந்தவை பின்தங்க, அளவு வித்தியாசம் கூடும்.

சரி, வேளையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. முந்தைய இரை செரிக்கும் முன் அடுத்தது வந்தால், குடலில் வேகமாக நகர்ந்து சத்து முழுதாக உறிஞ்சப்படாமல் கழிவாகும். ஒவ்வொரு முறையும் பாய்ந்து நீந்துவதிலும் ஆற்றல் செலவாகும். மொத்த அளவும் சேர்ந்து கூடினால் உபரி கொழுப்பாகப் படியும்.

குஞ்சுகளுக்கு மட்டும் இந்த யோசனையே வேண்டாம்: வயிறு சிறிது, வளர்சிதைமாற்றம் வேகம், பல வேளைதான். வளர்ந்த மீனுக்கு, என் கணக்கில், இரண்டு மூன்று வேளை போதும். விடியற்காலையைத் தவிர்த்துவிடுங்கள், குளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் அது.